விருந்தும் ஓர் அமானிதமே!

நிக்காஹ் முடிந்தது. மணமக்களுக்காக துஆச் செய்தாயிற்று. அடுத்தது வலீமா விருந்து. பந்தல் போட்டு, பண்டாரியை அமர்த்தி, விடியுமுன்னரே தேக்சாக்களை அடுப்பில் ஏற்றி, உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வயிறார உண்ணச் செய்கிறோம். இது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் சுன்னத். ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமாக் கொடுக்கும்படி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நாயகம் அவர்கள் அளித்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை, பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யுமே இருந்தன என்பதும் நாம் படித்ததுதான்.

வலீமாவில் ஆடம்பரம் கூடாது என்று மிம்பரில் பேசுகிறோம். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே உணவுகளில் கெட்டது என்ற நபிமொழியை நினைவூட்டுகிறோம். இவை பேச வேண்டியவைதாம். ஆனால், நாம் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. விருந்தாளியின் முன்னே வைக்கும் உணவு இன்னதென்று அவருக்கு நாம் தெளிவாகச் சொல்கிறோமா?

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? சோற்றைப் போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்!" என்று சில வாசகர்கள் சிரிக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றியது. அதைச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் பிறருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வாளி தாளிச்சா

என் மகனின் வலீமாவுக்கு என்னோடு ஒரே அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர் ஒருவரை அழைத்திருந்தேன். அவர் பிறப்பிலிருந்தே சைவ உணவுக்காரர், முட்டைகூடத் தொடாதவர். அவரைப் போன்றவர்களுக்காகப் பந்தலின் ஒரு பக்கத்தில் சைவப் பந்தி தனியாக ஏற்பாடாகியிருந்தது. சமையலுக்குத் தனி ஆள், தனிப் பாத்திரங்கள், வெள்ளைச் சோறு, சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் முறையாகவே இருந்தன. "பாய், எங்களுக்காக இவ்வளவு சிரமம் எடுத்திருக்கிறீர்களே!" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சைவப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பார் தீர்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், எங்கள் உறவுக்காரப் பிள்ளை, ஓடிப்போய்ப் பிரியாணிப் பந்தியிலிருந்து ஒரு வாளி தாளிச்சாவைக் கொண்டுவந்து ஊற்றினான். என் நண்பர் அதை ருசித்துச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நம்மவர்களுக்குத் தாளிச்சா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் புளியும் மேலே தெரியும். ஆட்டெலும்பும் கொழுப்பும் அதிலேயே வெந்து கரைந்திருக்கும். எலும்பை ஒதுக்கிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது சாம்பாரின் தம்பிதான்.

நண்பர் கை கழுவப் போனபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எலும்பையெல்லாம் ஒதுக்கிட்டுத்தான் ஊத்தினேன், மாமா" என்றான். அவனிடத்தில் கெட்ட எண்ணம் கிடையாது. பந்தியில் விருந்தாளி கையை நனைத்தபடி காத்திருக்கக் கூடாது என்று ஓடியவன் அவன்.

ஆனால் நான்? எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நண்பர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வருகிறார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. "நடந்தது நடந்துவிட்டது. சொன்னால் அவர் மனம் நோகும், சொல்லாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை" என்று மனம் சமாதானம் சொல்லிற்று. வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டி வழியனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தார். "பாய், உங்க வீட்டுப் பருப்பு ருசி இன்னும் நாக்கிலேயே நிற்குது. வீட்டிலே சொன்னேன். எப்படிச் செய்யறதுன்னு கேட்டு வரச் சொன்னாங்க" என்றார். கையில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்திருந்தார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் என் மௌனம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அதுவரையில் அது வெறும் மௌனம். இனி வாயைத் திறந்தால் ஒன்று உண்மை சொல்ல வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாய்" என்றார். அவ்வளவுதான். கோபிக்கவில்லை; சண்டை போடவில்லை. அந்த ஒரு வார்த்தை இன்றுவரை என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இலவசமாகத் தருபவனுக்கும் இந்தக் கடமை உண்டா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வியாபாரி தன் சரக்கின் குறையைச் சொல்லியாக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற பொருள்படக் கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பதும் நபிமொழியே.

"அது வியாபாரம். விருந்து அப்படியல்லவே! நான் காசு வாங்கவில்லை. அன்போடு அழைத்து இலவசமாகச் சோறு போடுகிறேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். சற்றுச் சிந்தித்தால் வழக்கு நேர்மாறாக இருப்பது விளங்கும்.

கடைக்குப் போகிறவன் சரக்கைப் புரட்டிப் பார்க்கலாம், பத்துக் கேள்வி கேட்கலாம், விலை பேசலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கலாம். விருந்தாளிக்கு இவற்றில் எது முடியும்? வாளிக்குள் கையை விட்டுப் பார்க்க முடியுமா? இலையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று பந்தியில் உரக்கக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வாங்குபவனின் கையில் இருக்கும் ஆயுதங்கள் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. நம்மை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்; அவருடைய பாதுகாப்பு அந்த நம்பிக்கை ஒன்றுதான். ஆகவே வியாபாரியைவிட விருந்தளிப்பவனுக்கே கடமை கூடுகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்டதற்குத்தானே அமானிதம் என்று பெயர்?

அன்னை மைமூனா (ரலி) வீட்டு விருந்து

இவ்விஷயத்தில் நமக்குத் தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் இருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி), காலித் இப்னு வலீத் (ரலி) ஆகியோரும் உடன் இருக்கிறார்கள். அன்னையவர்களின் சகோதரி நஜ்துப் பகுதியிலிருந்து கொண்டுவந்திருந்த, உடும்பு என்று தமிழில் பெயர்க்கப்படும் பாலைநிலப் பிராணி வாட்டப்பட்டு அவர்களின் முன் வைக்கப்படுகிறது. நாயகம் அவர்கள் உணவை நோக்கிக் கையை நீட்டுகிறார்கள். அப்போது அங்கிருந்த பெண்களில் ஒருவர், நீங்கள் முன்னே வைத்திருப்பது இன்னதென்று அல்லாஹ்வின் தூதருக்குத் தெரிவியுங்கள் என்று சொல்ல, அது உடும்பு என்று தெரிவிக்கப்படுகிறது. நாயகம் அவர்கள் கையை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஹராமா என்று காலித் (ரலி) கேட்க, இல்லை என்றும், தம் சமூகத்தார் வாழும் பகுதியில் அது இல்லாததால் தமக்கு அதில் விருப்பம் ஏற்படவில்லை என்றும் விடை சொல்கிறார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து, நாயகம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே உண்கிறார்கள்.

இப்பிராணியை உண்பது பற்றி மத்ஹபுகளுக்கிடையே உள்ள சட்டப் பிரிவுக்குள் நாம் இப்போது செல்ல வேண்டாம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. இதே செய்தியின் ஓர் அறிவிப்பில், உணவின் பெயரும் விவரமும் சொல்லப்படும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் அதன் பக்கம் கை நீட்டுவது அரிது என்றும் வந்துள்ளது. அப்படியானால் உணவு இன்னதென்று அறிந்து உண்ண விரும்புவது பண்பாட்டுக் குறைவு அன்று. அது நபிவழியைச் சேர்ந்தது.

அந்தப் பெண்மணி செய்த காரியத்தைக் கவனியுங்கள். கை நீண்டுவிட்டது, இன்னும் ஒரு கணத்தில் உணவு வாய்க்குப் போய்விடும். "சொன்னால் சாப்பிடாமல் விட்டுவிடுவார்களோ, சமைத்தவர் மனம் வருந்துமோ" என்று அவர் தயங்கவில்லை. விருந்து வீணானாலும் ஆகட்டும், விருந்தாளி அறியாமல் உண்ணக் கூடாது என்று எண்ணினார். என் வீட்டுப் பந்தலில் எனக்கு இல்லாமற் போன துணிவு அதுதான்.

விஷயம் தெரிந்தபின் அங்கே யாருடைய மனமும் நோகவில்லை என்பதையும் பாருங்கள். ஒருவர் உண்ணவில்லை, மற்றவர் உண்டார். உண்ணாதவர் உண்டவரைத் தடுக்கவில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள், எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை என்பது நாயகம் அவர்களின் குணமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சொல்ல வேண்டியது வீட்டுக்காரர் பங்கு. குறை சொல்லாமல் எடுப்பதும் விடுப்பதும் விருந்தாளியின் பங்கு.

"ஹலால்தானே, பிறகென்ன?"

நம்மில் பலர் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. "நாம் போடுவது ஹலாலான, தூய்மையான உணவு. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது, அறிவிக்க என்ன இருக்கிறது?" என்பார்கள். மேற்சொன்ன நிகழ்ச்சியே இதற்குப் பதில். நாயகம் அவர்களின் முன் வைக்கப்பட்டது ஹராம் அன்று என்று அவர்களே சொன்னார்கள். அப்படியிருந்தும் அது இன்னதென்று அறிவிக்கப்பட்டது. ஆகவே, உணவைத் தெளிவாகச் சொல்லும் கடமை ஹராம் ஹலாலோடு முடிந்துவிடுவதில்லை. உண்பவர் தம் வயிற்றுக்குள் போவது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும் என்ற உரிமையிலிருந்து அது பிறக்கிறது. நமக்கு ஹலால் என்பதால் அவருக்கு அது வேண்டியதாகிவிடாது.

அறியாமல் உண்டவர் மனம் என்ன பாடுபடும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் அடிமை ஒருவர் ஒரு நாள் உணவு கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் உண்டபின், இது எங்கிருந்து வந்ததென்று தெரியுமா என்று கேட்டுவிட்டு, அறியாமைக் காலத்தில் தெரியாத குறியைத் தெரிந்ததுபோல் ஒருவருக்குச் சொல்லி ஏமாற்றியதற்காக வந்த கூலி அது என்று விவரித்தார். ஸித்தீக் அவர்கள் வாய்க்குள் கையை விட்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. அந்த உணவும் என் வீட்டுத் தாளிச்சாவும் ஒன்றல்ல. ஆனாலும் தான் காத்துவந்த ஒன்று தன்னை அறியாமலேயே உடைந்துவிட்டது என்று தெரிய வரும்போது ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்பதை அந்த நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. ஸித்தீக் அவர்களின் அந்த வேதனையை மதிக்கிற நாம், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட மனிதரின் வேதனையை எப்படிச் சிறிதென்று சொல்வது?

பாத்திரங்களை இடம் மாற்றிப் பார்ப்போம். மாற்று மத நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு நாம் போகிறோம். கோழிக் குழம்பு பரிமாறுகிறார்கள். முறைப்படி அறுத்ததா என்று நம் மனம் தவிக்கிறது. கேட்கவும் கூச்சம், உண்ணவும் தயக்கம். அப்போது அந்த வீட்டுக்காரர் நம் அருகில் வந்து, "பாய், இது நம்ம கடைத்தெரு பாயிடம் ஹலால் செய்து வாங்கியது. ஆனால் அதோ அந்த முட்டைப் பொரியல் செய்த எண்ணெயில் வேறு இறைச்சியும் வறுத்திருக்கிறது, அது உங்களுக்கு வேண்டாம்" என்று மெல்லச் சொன்னால் நாம் எவ்வளவு நன்றியுடையவர்களாவோம்! தனக்கு விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழுமையான முஃமின் ஆகமாட்டார் என்ற நபிமொழியைப் பந்திக்கு வெளியே விட்டுவிட்டு வரலாமா?

அவர் கேட்க மாட்டார். ஆகவே நாம் சொல்ல வேண்டும்

"சந்தேகம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளட்டுமே, நாம் என்ன மறைக்கவா போகிறோம்?" என்பது கடைசியாக மிஞ்சும் வாதம். இது மிகவும் மென்மையான ஏமாற்று. ஏனென்றால், துருவிக் கேளாதிருப்பதே விருந்தாளியின் ஒழுக்கம் என்று நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம். தம் முஸ்லிம் சகோதரரின் வீட்டுக்குச் செல்பவர், அவர் உணவளித்தால் உண்ணட்டும், அதைப் பற்றித் துருவ வேண்டாம் என்ற கருத்துடைய செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம் பெற்றிருக்கிறது. நம் தமிழ் மண்ணிலும், பந்தியில் உட்கார்ந்து விசாரணை நடத்துபவனை யாரும் நல்ல விருந்தாளி என்று சொல்வதில்லை.

ஒழுக்கம் ஒருவரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கும்போது, மற்றவரின் வாய் திறந்தாக வேண்டும். விருந்தாளி கேட்கக் கூடாது என்பது எவ்வளவுக்கு உண்மையோ, அவ்வளவுக்கு வீட்டுக்காரன் கேளாமலே சொல்லியாக வேண்டும். கேளாதிருப்பது அவருடைய பண்பு. அந்தப் பண்பை நம் மௌனத்துக்கு மறைவிடமாக்கிக் கொள்வது நம் பண்பாகாது.

திருமறையில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்து இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. கொழுத்த கன்றை வாட்டிக் கொண்டுவந்து விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள். உண்ணமாட்டீர்களா என்று மென்மையாகக் கேட்டார்கள். அவர்களின் கைகள் உணவை நோக்கி நீளாததைக் கண்டுகொண்டார்கள். வந்தவர்கள் வானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. விருந்தளிப்பவரின் கண் எங்கே இருந்தது என்று பாருங்கள். விருந்தினரின் கையின் மீது இருந்தது. இன்று நம் கண் எங்கே இருக்கிறது? பந்தலின் விளக்குகள் மீதும் ஒளிப்படக் கருவியின் மீதும் அல்லவா இருக்கிறது!

தெளிவாகச் சொல்வது எப்படி?

சொல்லிவிட்டோம் என்பதற்காகச் சொல்வது வேறு. விளங்கும்படி சொல்வது வேறு. இப்போது பல திருமணக் கூடங்களில் உணவுப் பட்டியலை அச்சடித்து வைக்கிறார்கள். பாத்திரங்களின் முன் பெயர் அட்டையும் நிற்கிறது. ஷாஹி என்றும் நவாபி என்றும் தர்பார் என்றும் பெயர்கள் மகுடம் சூட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது ஆடா, மாடா, கோழியா, வெறும் காய்கறியா என்று அந்த மகுடம் சொல்வதில்லை. நமக்குள் "பெரியது", "சிறியது" என்று சொல்லிக்கொள்ளும் குறிப்புச் சொற்கள் வெளியாருக்கு விளங்குவதில்லை. தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்படி சொல்வது சொல்லாததற்குச் சமம்.

ஆகவே, பெயரோடு பொருளையும் சொல்லுங்கள். மாட்டிறைச்சிப் பிரியாணி என்றால் மாட்டிறைச்சி என்றே எழுதுங்கள். தாளிச்சா என்று எழுதினால் "ஆட்டெலும்பு சேர்ந்தது" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பருப்பைப் போலத் தோன்றி இறைச்சி கலந்திருப்பவையும், காய்கறியைப் போலத் தோன்றி இறைச்சி வெந்த எண்ணெயில் வதங்கியவையுமே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவை. பிரியாணியை யாரும் சைவம் என்று நினைத்து ஏமாறப் போவதில்லை.

இனிப்புகளையும் மறக்க வேண்டாம். கடற்பாசி கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பது; அதைப் போலவே தளதளவென்று இருக்கும் ஜெலட்டின், பிராணிகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சைவ உணவுக்காரர் மட்டுமல்ல, அது எந்தப் பிராணியினது என்று நம் சகோதரர்களும் கேட்க உரிமை உண்டு. கோழியைப் பண்டாரி எந்தக் கடையில் வாங்கினார், அறுத்தவர் யார் என்பதை வீட்டுக்காரர் முதலில் தாம் தெரிந்துகொண்டால்தான் பிறருக்குச் சொல்ல முடியும்.

நோயாளிகளுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. குருமாவில் அரைத்து ஊற்றிய முந்திரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முந்திரி ஒவ்வாதவருக்கு ஒரு கரண்டி போதும், உடல் தடித்து மூச்சே திணறலாம். இனிப்புப் பச்சடியைக் காய்கறி என்று நம்பி உண்ட நீரிழிவுக்காரரின் நிலையும் அதுபோலத்தான். நம் நாட்டில் பொட்டலத்தில் விற்கும் உணவின் மீது சைவம் என்றால் பச்சைக் குறியும், அசைவம் என்றால் பழுப்புக் குறியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் உணவு விடுதிகளும்கூட 14 வகை ஒவ்வாமைப் பொருள்களில் எது கலந்திருக்கிறது என்று தெரிவித்தாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு விற்பவனைச் சட்டம் இவ்வளவு கட்டாயப்படுத்துகிறது. நம் வீட்டுப் பந்தலுக்குள் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. அங்கே நம்மைப் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. அது போதாதா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அழைக்கும்போதே, "உங்களுக்கு ஆகாத உணவு ஏதும் உண்டா?" என்று கேட்டுவிடலாம். பந்தி விசாரிக்க, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை நிறுத்தலாம். பரிமாறும் பிள்ளைகளைப் பந்திக்கு முன்னால் பத்து நிமிடம் உட்காரவைத்து, எதில் என்ன இருக்கிறது, எந்த வாளி எந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கலாம். சைவப் பந்தியின் வாளியும் கரண்டியும் வேறு நிறத்தில் இருக்கலாம். ஏதாவது தீர்ந்துபோனால் "தீர்ந்துவிட்டது, மன்னியுங்கள், மோர் இருக்கிறது" என்று சொல்லலாம். என் வீட்டில் அன்று இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல யாரும் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. தவறு அவனுடையதன்று, என்னுடையது.

நமக்கே தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் வேண்டாம். "தனிப் பாத்திரத்தில்தான் சமைத்தார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்று சொல்வதில் எந்த இழிவும் இல்லை. கேட்டவர் தமக்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்வார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா சாப்பிடுங்கள்!" என்று முதுகில் தட்டிச் சொல்வதுதான் ஆபத்து. உபசாரத்தின் பெயரால் நாம் சொல்லும் பொய்களில் இதுவே மிகப் பரவலானது.

தவறு நேர்ந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறு நேரலாம். அப்போது என்ன செய்வது? "சொல்லாவிட்டால் அவருக்கு நிம்மதி" என்று அன்று நான் எண்ணினேன். உள்ளபடி நான் காப்பாற்றியது அவருடைய நிம்மதியை அல்ல, என்னுடைய மானத்தை. இது ஹக்குல் இபாத், அடியார்களுக்குச் செலுத்த வேண்டிய உரிமை. ஒருவர் தம் சகோதரருக்கு ஏதேனும் அநீதி இழைத்திருந்தால், பொற்காசும் வெள்ளிக்காசும் பயன்படாத ஒரு நாள் வருமுன் அவரிடமிருந்து அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. எதற்காக மன்னிக்கிறோம் என்றே அறியாதவரிடம் மன்னிப்பை எப்படிப் பெறுவது?

ஆகவே, அவர் அறிய விரும்பக்கூடிய விஷயம் என்றால் அன்றே, தனியாக அழைத்து, சாக்குச் சொல்லாமல் சொல்லிவிடுங்கள். அது கசக்கத்தான் செய்யும். ஆனால் அன்று சொன்னால் அது தவறு; பத்து நாள் கழித்துச் சொன்னால் அது தவறும் மறைப்பும் சேர்ந்த இரண்டு. என் நண்பர் மனம் நொந்தது தாளிச்சாவுக்காக மட்டுமல்ல. தெரிந்தபின்னும் நான் சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை நீட்டினேனே, அதற்காக.

இன்றும் அவர் என் வீட்டுக்கு வருகிறார். பெருநாள் என்றால் தவறாமல் வந்து என் பேரப்பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். நட்பில் குறைவில்லை. தட்டில் எதை வைத்தாலும் ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துத் தம் கையாலேயே தோலை உரித்துக்கொள்வார். "இன்று எல்லாமே தனியாகச் சமைத்தது, நானே பக்கத்தில் நின்றேன்" என்று நான் சொன்னால், "தெரியும், பாய். வயிறு நிறைஞ்சிருக்கு" என்பார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் மன்னிப்புக் கிடைத்துவிட்டால் நம்பிக்கையும் திரும்பிவிடும் என்பதில்லை. அந்த வாழைப்பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

அன்புச் சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பந்தியில் வந்து உட்காரும் ஒவ்வொருவரும், முஸ்லிமாயினும் மாற்று மதத்தவராயினும், தம் வயிற்றையும் கொள்கையையும் சில வேளை உயிரையும் உங்கள் கரண்டியிடம் ஒப்படைத்துவிட்டே உட்காருகிறார்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்தவும், வாயால் சொல்ல வேண்டியதை வேண்டிய நேரத்தில் சொல்லவும், நம்மை நம்பியவர்களின் அமானிதத்தைக் காக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.